டைமிங் செயின்: ஓடிய தூரம் மட்டும் போதுமா?

நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுழலும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரு முறை சுழல வேண்டும். இந்த ஒழுங்கு பிசகாதபடி இரண்டையும் பிணைத்து வைப்பது டைமிங் செயின். இதே வேலையை ரப்பர் பெல்ட் செய்யும் என்ஜின்களில், அதை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே கையேட்டில் குறிப்பிடுகிறார். செயினுக்குப் பெரும்பாலும் அப்படியொரு கெடு குறிப்பிடப்படுவதில்லை என்பதால், என்ஜின் உள்ளவரை செயினும் உழைக்கும் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் அந்த நம்பிக்கை ஆபத்தானது.

செயின் நீள்வது உலோகம் இழுபடுவதால் அன்று. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும், அதைத் தாங்கும் துளையும் சிறிது சிறிதாகத் தேய்வதாலேயே மொத்த நீளம் கூடுகிறது. கிராங்கிற்கும் கேமுக்கும் இடையே இழுவிசை தாங்கும் பக்கத்தில் 40 கண்ணிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 0.025 மில்லிமீட்டர் தேய்ந்திருப்பதாகவும் கொண்டால், அப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நீண்டிருக்கும். 60 மில்லிமீட்டர் ஆரமுள்ள கேம் பல்சக்கரத்தில் இது ஏறத்தாழ ஒரு பாகை பின்தங்கலாகும்; கிராங்க் கணக்கில் இரண்டு பாகை. கண்ணுக்குத் தெரியாத இத்தேய்மானம்தான் வால்வுகள் தாமதமாகத் திறக்கவும், இழுவைத்திறன் குறையவும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகவும் இடமளிக்கிறது.

தேய்மானத்தின் வேகத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது என்ஜின் ஆயிலே. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் என்னும் உறுப்பு பல என்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் மட்டம் குறைந்தாலும், கெட்டுக் கசடானாலும் அதன் பிடி தளர்கிறது. டீசல் என்ஜினிலோ எரிதலில் உண்டாகும் கரித்துகள் ஆயிலில் கலந்து, கண்ணிகளின் இடுக்கில் புகுந்து அவற்றை அராவுகிறது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா போன்ற கார்களில் வந்த ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் என்ஜினும் செயினால் இயங்குவதே. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், சாலையில் உள்ள அதன் டீசல் கார் எதுவும் இனிப் புதியதன்று. ஆகவே ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஆயில் காலந்தவறாமல் மாற்றப்பட்டதா என்பது, ஓடோமீட்டர் காட்டும் எண்ணைவிட முக்கியமான சான்றாகும்.

மாற்ற வேண்டிய நேரத்தை என்ஜினே அறிவிக்கிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினின் முன்பக்கத்திலிருந்து ஓரிரு நொடிகள் கடகடவென்ற ஒலி எழுந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கினால், டென்ஷனர் தளர்ந்திருக்கிறது என்றோ செயின் நீண்டிருக்கிறது என்றோ ஐயுற வேண்டும். சூடான பிறகும் ஒலி நீடித்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதே நல்லது. கிராங்க், கேம் சென்சார்களின் கணக்கு ஒத்துவராதபோது ஸ்கேனரில் பி0016 போன்ற பிழைக்குறி தோன்றும். ஆயில் மாற்றும்போது வடிகட்டியிலோ ஆயில் தேங்கும் சம்பிலோ பிளாஸ்டிக் துணுக்குகள் கிடைத்தால், செயின் உரசிச் செல்லும் கைடு உடைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். டொயோட்டாவின் 22ஆர் என்ஜினில் இத்தகைய கைடுகள் உடைந்ததால், தளர்ந்த செயின் முன்மூடியையே அறுத்துக் குளிர்நீரை ஆயிலில் கலக்கச் செய்த நிகழ்வுகள் வாகன உலகம் நன்கறிந்தவை.

என்ஜினைத் திறந்தபின் செயினை மட்டுமோ டென்ஷனரை மட்டுமோ மாற்றுவது தவறான சிக்கனம். தேய்ந்த பல்சக்கரத்தில் மாட்டிய புதுச் செயின் விரைவில் தேயும் என்பதால், செயின், டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் ஆகியவற்றை ஒரு தொகுதியாகவே மாற்ற வேண்டும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் அமைந்துள்ளதால், பாகங்களின் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலி மிகுதியாகிவிடுகிறது. ஆயினும், செயின் பல் தாண்டினால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதும்; அப்போது சிலிண்டர் ஹெட்டை இறக்கிப் பழுதுபார்க்கும் செலவு அதைவிடப் பன்மடங்காகும்.

பழைய கார் வாங்கும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, காலையில் போய்க் குளிர்ந்த என்ஜினின் முதல் சில நொடிகளை பானட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள்.