படுக்க வைப்பதும் ஒரு சிகிச்சையே

பொந்தியானிலிருந்து பெக்கான் நானாஸ் வழியாக ஜொகூர் பாருவுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று வரும் நம் இளைஞர்கள் பலர். விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சை நடைபெறுகிறது. உயிர் பிழைத்தவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு குடும்பத்தாரின் பணி தொடங்குகிறது. பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றிய என்னிடம் அவர்கள் பெரும்பாலும் கேட்பது, என்ன மருந்து, என்ன சத்துணவு என்பதையே. எப்படிப் படுக்க வைப்பது என்று கேட்பவர் மிகச் சிலர். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு கவனம்?

மூளையில் அடிபட்டவரின் கைகால்கள் முதலில் துவண்டு கிடக்கும். நாளடைவில் விறைக்கத் தொடங்கும். முழங்கை மடங்கும், விரல்கள் மூடிக்கொள்ளும், பாதம் கீழ்நோக்கி வளையும். அப்படியே விட்டுவிட்டால் மூட்டுகள் இறுகிவிடும். பின்னர் மூளை தேறி வந்தாலும் அந்தக் காலை ஊன்றி நிற்க முடியாது. மேலும், ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் எலும்பு துருத்திய இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும்.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944ஆம் ஆண்டு முதல் டாக்டர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டில் அடிபட்ட போர்வீரர்களை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். பிழைக்கமாட்டார்கள் எனக் கைவிடப்பட்டவர்கள் பிழைத்ததில் இந்த எளிய பணிக்குப் பெரும் பங்குண்டு.

மூன்று நிலைகள்

1. மல்லாந்து படுத்தல்: தலை நேராக இருக்கட்டும். பலவீனமான தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, கையை நீட்டி அதன்மேல் வையுங்கள். கால் வெளிப்புறம் சாயாமல் தொடையின் ஓரத்தில் ஒரு சிறு தலையணை வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. விறைப்பையும் புண்ணையும் அதிகமாக்கக்கூடிய நிலை இது. ஆகவே நெடுநேரம் வேண்டாம்.

2. பலவீனமான பக்கம் படுத்தல்: இதற்குத்தான் பலரும் அஞ்சுகிறார்கள். ஆனால் உடல் எடை அந்தப் பக்கம் விழும்போது அங்குள்ள உணர்ச்சி தூண்டப்படுகிறது. நல்ல கையும் ஓய்வாக இருக்கிறது. தோள் உடலின் அடியில் நசுங்காமல் மெதுவாக முன்னே கொண்டு வந்து, கையை நீட்டி, உள்ளங்கை மேல்நோக்க வையுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, மேலே உள்ள காலுக்கு ஒரு தலையணை.

3. நல்ல பக்கம் படுத்தல்: பலவீனமான கையை முன்னால் உள்ள தலையணைமேல் தோள் உயரத்தில் வையுங்கள், மணிக்கட்டு தொங்கக்கூடாது. அந்தக் காலையும் மடக்கி, பாதம் உட்படத் தலையணைமேல் வைக்க வேண்டும்.

மண்டை ஓட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தால், மருத்துவர் அனுமதியின்றி அந்தப் பக்கம் படுக்க வைக்கவே கூடாது. தலைமாட்டைச் சுமார் 30 பாகை உயர்த்தி, கழுத்தைத் திருகாமல் வைக்கும்படி மருத்துவமனையில் சொல்லியிருந்தால், அதையும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கழுத்து வளைந்தால் தலையிலிருந்து இரத்தம் கீழிறங்குவது தடைப்படும்.

மறக்கக்கூடாதவை

பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் தோலைப் பாருங்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்தால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், அல்லது சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். அது கேட்டையே தரும். வளைய வடிவ ரப்பர் மெத்தையும் வேண்டாம். அதன் விளிம்பு இரத்த ஓட்டத்தை மேலும் தடுக்கும்.

நோயாளியை நகர்த்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். மடித்த படுக்கை விரிப்பையோ கைலியையோ இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் விரித்து, இருவராகத் தூக்கி நகர்த்துங்கள். விழுங்க முடிந்தவருக்கு நிமிர்ந்து உட்கார வைத்தே உணவு கொடுங்கள். உண்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். படுத்த நிலையில் ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நான் சென்று வந்த ஒரு வீட்டில், ஒரு தாய் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் மணியையும் பக்கத்தையும் குறித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். பகலில் அவர், மாலையில் மருமகள், இரவில் தம்பி என முறை வைத்துக்கொண்டனர். ஐந்து மாதங்களில் அந்த இளைஞர் உடலில் ஒரு புண்கூட இல்லை. பிசியோதெரபி நிபுணர் அவரை எழுப்பி நிறுத்தியபோது பாதம் தரையில் முழுமையாகப் பதிந்தது.

வேலைக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளான தொழிலாளிக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. உரியவர்கள் விண்ணப்பிக்கத் தவறக்கூடாது. அதன் மறுவாழ்வு மையம் 2014ஆம் ஆண்டு முதல் மலாக்காவில் இயங்குகிறது. அங்கு பயிற்சி பெறும் நாள் வரும்போது, பயிற்சிக்கு இணங்கும் உடலோடு அவரை அனுப்பி வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டியவை நான்கைந்து தலையணைகள், ஒரு கடிகாரம், முறை வைத்துக்கொள்ளும் ஒரு குடும்பம். வீட்டாருக்கு ஆள் போதாதெனில், அக்கம்பக்கத்தார் நாம் ஒரு முறையை ஏற்றுக்கொள்வோம்.