செவிக்கு நேர்ந்த தீங்கும் சட்டம் அளிக்கும் ஈடும்

உடுவில் பிரதேச செயலாளர் பிரிவுக்கு உட்பட்ட சுன்னாகத்திலே, கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை பற்றி எழுந்த வழக்கை நேயர்கள் பலரும் அறிவர். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இலங்கை உயர்நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பு வழங்கியது. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம், பாதிப்புற்ற மக்களுக்கென 2 கோடி ரூபாவை நட்டஈடாகச் செலுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பு. தீங்கு விளைத்தவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி அதனால் வலுப்பெற்றது.

கிணற்றில் எண்ணெய் மிதந்தால் கண் காணும், நாசியும் உணரும். செவியின் உள்ளே நிகழும் சேதமோ இவ்விரண்டுக்கும் அகப்படாதது. அத்தகைய சேதத்துக்கு நீதி கேட்பது எங்ஙனம்? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் தொடுத்த வழக்கொன்று இதற்கு விடை கூறுகின்றது.

உட்செவியிலே நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு உணர்த்துவன இவையே. துப்பாக்கி வெடிக்கும் ஓசை 140 டெசிபலையும் கடப்பதுண்டு. அவ்வோசையால் இக்கலங்கள் சிதைந்தால், மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. கேள்வி குன்றும், வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதுக்குள் இரைச்சல் ஓயாது.

இதனைத் தடுக்கவே படைவீரர்க்குக் காதடைப்பான்கள் வழங்கப்பட்டன. ஏயரோ என்னும் நிறுவனம் ஆக்கிய அடைப்பான் இரு முனைகளை உடையது. ஒரு முனையைச் செருகினால் எல்லா ஒலியும் தணியும். மஞ்சள் நிறமான மறுமுனையைச் செருகினால் அருகிலுள்ளோர் பேச்சுக் கேட்கும். வெடியோசை மட்டும் தணியும். 2003ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை இவ்வடைப்பான் படையினரிடையே வழங்கியது. இடையில், 2008இல், ஏயரோவை '3 எம்' நிறுவனம் வாங்கியது.

அடைப்பானின் தண்டு போதிய நீளம் இல்லாதது என்பதே வழக்கின் சாரம். அதனால் அது செவித் துளையினுள் ஆழப் புகவில்லை. அணிந்தவர் அறியாமலே சற்றுத் தளர்ந்துவிடும். தளர்ந்த இடைவெளியால் வெடியோசை உட்புகும். 2000ஆம் ஆண்டிலேயே ஏயரோவின் சொந்தச் சோதனையில் இக்குறை தெரிந்திருந்தும், படைக்கு முறையாக அறிவிக்கப்படவில்லை என்று வழக்காளர் வாதிட்டனர். நிறுவனமோ தன் பொருள் பாதுகாப்பானதே என்று மறுத்தது.

போட்டி நிறுவனம் ஒன்று 2016இல் முதலில் இதனை நீதிமன்றுக்குக் கொணர்ந்தது. 2018இல் '3 எம்' நிறுவனம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, அமெரிக்க அரசுக்கு 91 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. அத்தொகை அரசுக்குரியது, செவி கெட்ட வீரர் தமக்கான ஈட்டைத் தாமே கேட்க வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் இலட்சக்கணக்கில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குகள் புளோரிடா மாநிலத்தின் பென்சகோலா நகரிலுள்ள நீதிமன்றிலே ஒன்றுசேர்க்கப்பட்டன.

அத்தனை வழக்கையும் தனித்தனியே விசாரிப்பது இயலாத காரியம். எனவே 2021இலும் 2022இலும் மாதிரியாகப் பதினாறு விசாரணைகள் நடைபெற்றன. பத்தில் வீரரும் ஆறில் நிறுவனமும் வென்றனர். பின்னர் ஏயரோ கடன் தீர்க்க இயலாமை கூறி வேறொரு நீதிமன்றின் காப்பை நாடியது. 2023 ஜூன் மாதத்தில் அம்மனு தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 2029 வரை தவணைகளாக 600 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகை செலுத்த '3 எம்' உடன்பட்டது. அப்போதும் அது குற்றத்தை ஏற்கவில்லை.

தொகை பெரிது, ஆயினும் இரண்டரை இலட்சம் அளவினரான வழக்காளரிடையே பகிரப்படுவது. ஒவ்வொருவருடைய பங்கும் அவரவர் செவிச் சோதனைப் பதிவைப் பொறுத்தது. சேவைக் காலத்திலே பதிவான சோதனை முடிவுகளே கண்ணுக்குத் தெரியாத காயத்துக்குச் சாட்சியாயின. பதிவு இல்லாதவர் தம் இழப்பை நிலைநாட்டுவது அரிதாயிற்று.

இதில் நம் நாட்டு உழைப்பாளர்க்கும் படிப்பினை உண்டு. மர ஆலையிலும் மின்பிறப்பாக்கியின் அருகிலும் கல் உடைக்கும் பொறியின் முன்னும் நாள்தோறும் நிற்போர் பலர். 85 டெசிபல் அளவான ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்பது நிபுணர் கணிப்பு. இத்தகையோர் வேலையில் சேரும்போதே செவியைச் சோதித்து, அதன் பதிவைப் பேணுதல் நன்று. காதடைப்பானை அணிந்து பேசும்போது தம் குரல் பானைக்குள் பேசுவதுபோல் கனத்து ஒலித்தால், அது பெரும்பாலும் சரியாகப் பொருந்தியுள்ளது எனலாம். அவ்வாறு ஒலியாவிடின் மீண்டும் செருக வேண்டும்.

மாசுற்ற கிணற்றை இறைத்தும் துப்புரவு செய்தும் மீட்க முயலலாம். சிதைந்த மயிர்க்கலத்தை மீட்கும் வழியை மருத்துவம் இன்னும் கண்டதில்லை. நீதிமன்று அளிக்கும் ஈடு இழந்தவரின் வாழ்க்கைச் செலவுக்கு உதவும். பேரக் குழந்தையின் மழலையை அது திரும்பக் கேட்பியாது. ஆகையால் காவல் கருவியைச் செய்வோர் அதன் குறையை மறையாது கூறுவது, பின்னர் வரும் எந்தத் தீர்ப்பினும் மேலான காப்பாகும்.