விமானம் ஓட்டும் கம்ப்யூட்டருக்கு எந்த ப்ராஸசர்?

நம் சங்க அன்பர்கள் பலரது வீடுகளில் இப்போது பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறார்கள். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். 'ஃப்ளைட் சிமுலேட்டர்' எனப்படும் இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. காற்று, எடை, எரிபொருள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நிஜ விமானத்தைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் இதற்கென்று கம்ப்யூட்டர் வாங்கும்போது பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதி அதில் போயிற்று. மற்றவர்களுக்கு அந்த நஷ்டம் வர வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

"16 கோர் ப்ராஸசர் வாங்குங்கள் சார், எட்டு கோரைவிட இரண்டு மடங்கு வேகம்" என்றார் கடைக்காரர். கோர் என்பது ப்ராஸசருக்குள் உட்கார்ந்து கணக்குப் போடும் கணக்கப்பிள்ளை மாதிரி. பதினாறு பேர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்தானே என்று நானும் தலையாட்டினேன். நாக்பூரிலிருந்து கிளம்பி விதர்பாவின் வயல்களுக்கு மேல் பறக்கும்வரை ஒரு குறையும் இல்லை. மும்பையில் காட்கோபர் பக்கமிருந்து 27ஆம் ரன்வேயை நோக்கி இறங்கும்போதுதான் படம் விட்டுவிட்டு நகர ஆரம்பித்தது. தரையைத் தொடும் நேரத்தில் கை அசைவுக்கும் படத்துக்கும் பொருத்தமே இல்லை. கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தால், மொத்தத் திறனில் கால் பங்குகூட உபயோகத்தில் இல்லை!

இந்தப் புதிருக்கு விடை ரயில்வேயிலேயே இருக்கிறது. ஒரு ஸ்டேஷனில் 16 பிளாட்பாரம் இருக்கலாம். உள்ளே வர ஒரே ஒரு லைன்தான் என்றால் வண்டிகள் அவுட்டரில் வரிசையாக நிற்க வேண்டியதுதான். இன்னும் நாலு பிளாட்பாரம் கட்டினாலும் பயனில்லை. சிமுலேட்டரிலும் அப்படி ஓர் ஒற்றை லைன் உண்டு. 'மெயின் த்ரெட்' என்பார்கள். நாம் ஸ்டிக்கை எவ்வளவு அசைத்தோம், அதனால் விமானம் எவ்வளவு சாய்ந்தது, அதற்குப் பிறகு மீட்டர்கள் என்ன காட்ட வேண்டும் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிட வேண்டியவை. முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. இவற்றைப் பதினாறு பேருக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு படத்தைத் தயாரிக்கும் வேலையில் 24 மில்லி செகண்ட் பிரிக்க முடியாதது, 16 மில்லி செகண்ட் பிரிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். எட்டு கோர் இருந்தால் 24 + 2 = 26 மில்லி செகண்ட்; வினாடிக்குச் சுமார் 38 படங்கள். பதினாறு கோர் இருந்தால் 24 + 1 = 25; வினாடிக்கு 40 படங்கள். கூடுதலாக எட்டு கோருக்குக் காசு கொடுத்து நாம் மிச்சப்படுத்தியது ஒரே ஒரு மில்லி செகண்ட்! அதற்குப் பதில், எட்டே கோர் உள்ள, ஆனால் ஒவ்வொரு கோரும் 25 சதவீதம் வேகமான ப்ராஸசரை வாங்கினால் 20.8 மில்லி செகண்ட். வினாடிக்கு 48 படங்கள். ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1967லேயே சுட்டிக்காட்டிய உண்மை இதுதான்.

ஆக, பார்க்க வேண்டியது ஒரு தனி கோரின் வேகம். அது கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பொறுத்தது அல்ல. இங்கேதான் 'கேஷ்' வருகிறது. ரொக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இது ப்ராஸசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, மிக வேகமான நினைவகம். அடுப்புப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி என்று சொல்லலாம். ராம் என்பது ஸ்டோர் ரூம். கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு ஓடினால் சமையல் எப்போது முடியும்? சிமுலேட்டருக்கு நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன விவரங்கள் ஓயாமல் தேவைப்படுகின்றன. அஞ்சறைப்பெட்டி பெரிதாக இருந்தால் ஓட்டம் குறையும்.

ஏ.எம்.டி. நிறுவனம் 2022ல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்கு நல்ல சான்று. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அதன் அண்ணனான 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் எட்டு கோர்தான். ஆனால் அண்ணனுக்கு 32 மெகாபைட் எல்3 கேஷ், தம்பிக்கு 96. சிமுலேட்டரில் தம்பிதான் தெளிவாக முந்துகிறது. அதே 96 மெகாபைட்டுடன் 2023ல் 7800எக்ஸ்3டியும், 2024ல் 9800எக்ஸ்3டியும் வந்தன. விமானம் ஓட்டுவதே முக்கிய நோக்கம் என்றால் இந்த வகை எட்டு கோரே தாராளம். வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்குப் பதினாறு கோர் நிச்சயம் உதவும். அது வேறு கணக்கு.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். செலவில்லாதது. சிமுலேட்டரில் படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வினாடிக்கு இத்தனை படம் என்ற எண் நன்றாக உயர்ந்தால் குறை கிராஃபிக்ஸ் கார்டில். புது ப்ராஸசர் வாங்கிப் பயனில்லை. எண் அசையவே இல்லையென்றால் குறை ப்ராஸசர் பக்கம். பெரிய நகரத்து ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு இதைச் செய்ய வேண்டும். நடுக்கடலுக்கு மேல் எல்லாக் கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டரே.

குறை ப்ராஸசரில் என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். 'டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல்' என்ற அளவையும், மற்ற விமானங்களின் நடமாட்டத்தையும் குறையுங்கள். மெயின் த்ரெட்டின் பாரத்தில் பெரும்பங்கு இவைதான். பலருக்கு இதுவே போதும். வினாடிக்கு 40 படம் சீராக வந்தால், 60க்கும் 25க்கும் இடையே அல்லாடுவதைவிட அது மேல்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, மதர்போர்டின் சாக்கெட். 5800எக்ஸ்3டிக்கு ஏ.எம்.4, 7800எக்ஸ்3டிக்கும் 9800எக்ஸ்3டிக்கும் ஏ.எம்.5. பொருந்தாத ஒன்றை வாங்கினால் போர்டையும் மாற்ற நேரிடும். இரண்டாவது, வெயில். ப்ராஸசர் தன் சூட்டு வரம்பை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஊர் மே மாதத்தில் 45 டிகிரி அடிக்கிறது. நல்ல கூலருக்கு ஒதுக்கும் பணம் வீண் போகாது.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். என் போர்டு ஏ.எம்.5 ஆக இருந்தது அதிர்ஷ்டம். 16 கோரை வந்த விலைக்கு விற்று, 7800எக்ஸ்3டி போட்டேன். இப்போது மும்பையில் தடங்கலின்றி இறங்க முடிகிறது. அந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் இந்த நஷ்டமே இருந்திருக்காது. வேலை செய்த காலத்தில் ஒரு செக்‌ஷனில் வண்டி எங்கே தேங்குகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு எழுதியதில்லை. சொந்தப் பணம் என்றபோது மட்டும் அதை மறந்துவிட்டேன். அன்பர்கள் மறக்க வேண்டாம்.