கொழுந்துக் கணக்கும் கிகாஹெர்ட்ஸ் கணக்கும்

விண்டோஸ் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அடிப்படை வேகம் 1.80 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரு மூலையில் இருக்கும். பக்கத்திலேயே இப்போதைய வேகம் 3.6, 3.7 என்று துள்ளிக்கொண்டிருக்கும். கோளாறோ என்று பதறுகிறவர்கள் உண்டு. கடைக்காரர் ஏதோ திருகிவிட்டார் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. உதாரணத்துக்கு, 2017இல் வந்த இன்டெல் கோர் ஐ7-8550யு பிராசஸருக்குக் கம்பெனியே சொல்லும் எண்கள் அடிப்படை 1.8, உச்சம் 4.0. 'அடிப்படை' என்ற பெயர்தான் குழப்புகிறது. அது சில்லின் இயல்பான வேகம் அல்ல. நான்கு கோர்களுக்கும் கனமான வேலை கொடுத்தாலும், 15 வாட் வெப்பத்தை வெளியேற்ற வழி இருந்தால் இந்த வேகத்தை விடமாட்டேன் என்ற உத்தரவாதம், அவ்வளவே.

நீலகிரி மலையில் நடுவட்டம் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று எஸ்டேட்டில் ஒரு கணக்கு. அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. அந்தக் கணக்கைப் பறிப்பவரின் கைவேகம் என்று யாரும் நினைப்பதில்லை. துளிர் செழித்த நாளில் அது மதியத்துக்குள்ளேயே தாண்டிப் போகும்.

பிராசஸருக்குத் துளிர் என்பது மிச்சமிருக்கும் மின்சாரமும் குளிர்ச்சியும். இணையப் பக்கம் ஒன்று திறக்கும்போது ஒன்றிரண்டு கோர்களே உழைக்கின்றன. தூங்கும் கோர்களின் பங்கு வாட்டை உழைக்கும் கோர் வாங்கிக்கொள்கிறது. ஆனால் விலை அதிகம். வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஏறுகிறது. இரண்டையும் 20 சதவீதம் உயர்த்தினால் செலவு 73 சதவீதம் எகிறும். இந்தச் சுவரில்தான் 2004இல் இன்டெல் முட்டிக்கொண்டு, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. பிறகு கோர்கள் பெருகின; எல்லாக் கோரும் ஒருசேர உழைக்கும் நாளை மனத்தில் வைத்து வேகத்தை நிர்ணயித்ததால், ஒற்றைக் கோர் வேலைகள் வீணாக மந்தமாயின. 2008இல் கோர் ஐ7 உடன் வந்த டர்போ பூஸ்ட், அதாவது தூங்கும் கோர்களின் வாட்டை உழைக்கும் கோருக்குக் கொடுக்கும் ஏற்பாடு, இந்த வீணாக்கத்தைத்தான் போக்கியது. 2010இல் ஏ.எம்.டி.யும் அதே வழிக்கு வந்தது.

இப்படி ஓட்டினால் ஆயுள் குறையாதா? சூடும் வோல்டேஜும் சில்லைத் தேய்ப்பது உண்மை. ஆனால் இந்த வேகம் தயாரிப்பாளர் சோதித்து வகுத்த வரம்புக்குள் நடப்பது. உள்ளேயே இருக்கும் வெப்ப உணரிகள் 100 டிகிரியை நெருங்கும்போதே வேகத்தை இறக்கிவிடும். ஓவர்கிளாக் என்பது அந்த வரம்பைத் தாண்டுவது. அப்படியானால் பெட்டியில் 4.0 என்று அச்சிடுவது ஏமாற்று என்பார்கள். பாதி நியாயம்தான். அது ஒற்றைக் கோர் தொடும் உச்சம். நீண்ட வேலையில் நிற்கும் வேகம் பெட்டியில் இருக்காது; லேப்டாப் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரே பிராசஸர் தடித்த லேப்டாப்பில் ஒரு மாதிரியும் மெல்லிய லேப்டாப்பில் வேறு மாதிரியும் ஓடுவது இதனால்தான்.

மலைக்குளிரில் கம்ப்யூட்டர் பறக்குமா என்பது சுவையான கேள்வி. சென்னையில் அறை 32 டிகிரி, நடுவட்டத்தில் 15 என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரிவரை சில்லுக்குக் கிடைக்கும் இடம் அங்கே 68, இங்கே 85. கால் பங்கு கூடுதல். ஆனால் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்று லேசானது. அதே ஃபேன் அதே சுற்றில் தள்ளும் காற்றின் எடை, குளிரின் அடர்த்தியையும் சேர்த்தே, சென்னையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. வெப்பத்தைக் கொண்டுபோவது அந்த எடைதான். இரண்டையும் பெருக்கினால் லாபம் வெறும் 4 சதவீதம். கறாரான கணக்கில்லை, குத்துமதிப்புதான். ஆனாலும் குளிர் கொடுத்ததில் பெரும்பகுதியை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. சில விநாடி வேலைகளில் மட்டும் குளிரின் பலன் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைக்கும். குளிர்ந்து கிடக்கும் செம்பும் அலுமினியமும் முதல் சூட்டை விழுங்கிவிடுவதால், அப்போது காற்றுக்கு அதிக வேலை இல்லை. மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்கிறவருக்கு அந்த 4 சதவீதம்தான். அவரும் குளிருக்கு மடியில் விரித்த கம்பளிமேல் லேப்டாப்பை வைத்தால், அடியிலிருக்கும் காற்றுத்துளை அடைபட்டு அதுவும் போய்விடும்.