காற்றாலைக்குக் கீழே ஒரு கடல்

கடலில் காற்றாலை என்றதும் சுழலும் இறக்கைகளே நினைவுக்கு வருகின்றன. அடியில் நடப்பதைச் சற்று பார்ப்போம்.

பெல்ஜியம் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் தார்ன்டன் என்ற மணல்திட்டு உள்ளது. 2008-இல் அங்கே 6 காற்றாலைகளுக்குக் கான்கிரீட் அடித்தளங்கள் இறக்கப்பட்டன. வெறும் மணலாயிருந்த இடத்தில் பற்றிக்கொள்ளச் சுவர் கிடைத்ததும், மேலே சிப்பிகளும் கீழே பூப்போன்ற கடற்சாமந்திகளும் ஒட்டி வளர்ந்தன. இவை நீரை வடிகட்டி, மிதக்கும் நுண்ணுயிர்களை உண்கின்றன. இவற்றின் கழிவு விழுந்து, அருகிலுள்ள மணலுக்கு உரமாகிறது. சுவரில் மொய்க்கும் கூனி போன்ற சிற்றுயிர்களைத் தின்னக் காட் மீன்கள் வருகின்றன. (வந்து கூடுவது வேறு, பெருகுவது வேறு!)

உணவு தருவது, நீரைத் தெளியவைப்பது, கரிமத்தைப் புதைத்து வைப்பது எல்லாம் கடல் நமக்குக் கூலியின்றிச் செய்யும் வேலைகள். ஆனால் மணலையே வீடாகக் கொண்ட உயிர்கள் தூண் நின்ற இடத்தை இழந்தன. காற்றாலைகளுக்கிடையே இழுவலைக்கும் அனுமதியில்லை. கடலடி கிளறப்படாதது நல்லதே, மீனவருக்கோ இழப்பு.

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை, டென்மார்க்கில் 1991-இல் அமைந்த விண்டபி. அது 2017-இல் அகற்றப்பட்டது. தார்ன்டனுக்கும் அந்நாள் வரும். அடித்தளத்தைப் பெயர்த்தால் ஒட்டிய உயிர்களும் போகும். விட்டுவைத்தால் அவ்விடத்தில் பழைய மணல் திரும்பாது.