படையிலிருந்து வந்த டீசல் ஜெனரேட்டர்

யந்திரங்கள் உழைப்பினால் தேய்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. உழைக்காமல் இருப்பதனாலும் அவை கெடுகின்றன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். படைத்துறை தனக்கு இனி வேண்டுவதில்லையென்று ஏலத்தில் கழிக்கும் டீசல் ஜெனரேட்டர் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இத்தகைய ஜெனரேட்டர்கள் உறுதியான அமைப்புடையவை. புதியவற்றைவிட விலையும் குறைவு. ஆகவே ஆய்வு முகாம்கள், பண்ணைகள், பயிற்சிக் கூடங்கள் முதலியவற்றுக்கு இவற்றை வாங்குவதுண்டு. வாங்குவோர் முதலில் நோக்குவது, எஞ்சின் ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டரையே. பல ஆண்டு வயதான எஞ்சின் சில நூறு மணி நேரமே ஓடியிருப்பதைக் கண்டு மகிழ்கின்றனர். எஞ்சிய காலமெல்லாம் அது கிடங்கில் சும்மா கிடந்தது என்பதே அந்த எண்ணின் மறுபொருள்.

ஒரு கிராமச் சுகாதார நிலையத்தைக் கருதுவோம். தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் வைத்துக் காக்க வேண்டும். அதற்கென வாங்கிய பழைய ஜெனரேட்டர் முதல் நாளன்று ஒரே சுற்றில் கிளம்புகிறது. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, நன்றாயிருக்கிறதென்று மூடி வைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஓரிரவு மின்சாரம் நின்றுபோக, ஜெனரேட்டரை இயக்குகின்றனர். முக்கால் மணி நேரத்தில் அது இருமி நிற்கிறது. எண்ணெய் வடிகட்டி கறுத்த கூழினால் அடைபட்டிருக்கிறது. விடியுமுன் குளிர்பெட்டி வெதுவெதுப்பாகிவிடுகிறது. எஞ்சின் கிளம்புவது வேறு, நம்பத்தக்கவாறு ஓடுவது வேறு என்பதை இதனின்று அறியலாம்.

எண்ணெயும் நீரும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. சிலிண்டரினுள் காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை சுருக்கும்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அக்கணத்தில் இன்ஜெக்டர் நுண்துளிகளாகத் தெளிக்கும் எண்ணெய் தானே தீப்பற்றுகிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினும் இத்தத்துவத்தின்மேல் அமைந்ததே. ஆகவே இவ்வெஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: சிலிண்டரில் காற்று கசியாமல் சுருங்க வேண்டும்; தூய எண்ணெய் தடையின்றி வர வேண்டும்; எண்ணெய்க் குழாயினுள் காற்று இருக்கலாகாது. நெடுநாள் ஓய்வு இம்மூன்றையும் கெடுக்கிறது.

பாதி நிரம்பிய தொட்டியில் இரவுக் குளிர்ச்சியால் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. நீரும் எண்ணெயும் கூடுமிடத்தில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளர்ந்து, மேற்கூறிய கறுத்த கூழை உண்டாக்குகின்றன. ஐந்து நிமிட ஓட்டத்தில் இக்கூழ் அடியிலேயே கிடக்கும். வண்டியில் ஏற்றிக் குலுக்கிய பின்னும், எஞ்சின் நெடுநேரம் அதிரும்போதும் அது கலங்கி வடிகட்டியை அடைகிறது.

எனவே, தொட்டியிலுள்ள பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, கூடுமானால் தொட்டியைக் கழற்றி, தூய டீசலினால் அலசுக. பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தலாகாது. வடிகட்டிகளையும், வெடித்து இறுகிய ரப்பர்க் குழாய்களையும், வாஷர்களையும் புதிதாக மாற்றுக. ரப்பர்க் குழாயின் நுண்ணிய வெடிப்பிலிருந்து எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகக்கூடும். காரணம் புலப்படாமல் எஞ்சின் நின்று நின்று ஓடுவதற்கு இது பெரிதும் காரணமாகும்.

பின்னர் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இதனை ‘ஏர் எடுப்பது’ என்பர். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை இயக்கினால் நுரையுடன் எண்ணெய் வரும். குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வந்ததும் திருகை முடுக்குக. அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலும், இறுதியாக இன்ஜெக்டர் குழாய்களிலும் இவ்வாறே செய்க. இன்ஜெக்டரின் தெளிப்புக்கு நேராகக் கையை ஒருபோதும் நீட்டலாகாது. மிகுந்த அழுத்தத்துடன் வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும்; காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

முதல் ஓட்டம்

மசகெண்ணெயின் நிறம் நன்றாயிருப்பினும் அதனை மாற்றுவதே முறை. பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்றும், அளவுக்கோலில் மட்டம் உயர்ந்து டீசல் வாசனை வீசினால் பம்பு அல்லது இன்ஜெக்டர் கசிகிறது என்றும் கொள்க. காற்று வடிகட்டியிலும், குளிர்விக்கும் தகடுகளினிடையிலும் எலியும் குளவியும் கூடு கட்டியிருக்கும், அவற்றை நீக்குக.

இதன்பின் எஞ்சினைக் கையினால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றிப் பார்க்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றில்தான் எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடும். சுழல மறுத்தால், பிஸ்டன் ரிங்குகள் துருவினால் பிடித்திருக்கலாம். இன்ஜெக்டரைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுக. ஸ்டார்ட்டர் மோட்டாரின் வலிமையைக் கொண்டு திருகினால் உடைவது எஞ்சினே.

படைத்துறை எஞ்சின்களில் பல 24 வோல்டினால் கிளம்புபவை. 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பர். ஒரே வகையும் ஒரே வயதும் உள்ள பாட்டரிகளையே இணைக்க வேண்டும். ஒன்றிலிருந்து மட்டும் வேறொரு விளக்குக்கு 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் முகாம்களில் உண்டு. அதனால் அந்த பாட்டரி குறைந்தும், மற்றது மிகுந்தும் சார்ஜ் ஏறி, இரண்டும் விரைவில் கெடுகின்றன.

முதலில் எண்ணெயை நிறுத்தி வைத்து, மசகெண்ணெய் மீட்டரில் அழுத்தம் காட்டும்வரை விட்டுவிட்டுச் சுழற்றுக. பின்னரே எண்ணெயைத் திறக்கலாம். பம்பின் பல்சட்டம் துருவினால் ஒட்டிக்கொண்டிருந்தால் கவர்னரால் வேகத்தைக் கட்டுப்படுத்த இயலாது; எஞ்சின் கட்டுமீறி ஓடும். அப்போது எண்ணெயை நிறுத்தியும் பயனில்லையெனில், காற்று புகும் வாயை அடைப்பதே வழி. அதற்கெனத் தட்டையான கனத்த பலகை ஒன்றை முன்னதாகவே கையருகில் வைத்துக்கொள்ள வேண்டும்; கையினாலோ துணியினாலோ அடைக்க முயலலாகாது.

புகையின் நிறமும் செய்தி கூறும். கரும்புகை, காற்றுக் குறைவையோ பளு மிகுதியையோ காட்டும். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை, எண்ணெய் முற்றும் எரியாமையையோ நீர்க் கசிவையோ காட்டும். எந்த நிறமாயினும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மூடிய அறையில் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

மின்சாரம் பிறத்தல்

எஞ்சின் நன்றாக ஓடியும் மின்சாரம் வராமை, நெடுநாள் கிடந்த ஜெனரேட்டர்களில் அடிக்கடி காணும் குறை. பல ஜெனரேட்டர்கள் தம் காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தன்மையே அதற்கு வித்து. 1866-இல் வெர்னர் ஸீமென்ஸ் தம் டைனமோவில் கையாண்ட தத்துவம் இது. நெடுநாள் ஓய்வில் அவ்வித்து மறைந்துவிடக்கூடும். அப்போது மின்னழுத்த ரெகுலேட்டரைப் பிரித்துவிட்டு, புலச் சுருளுக்கு பாட்டரியிலிருந்து சரியான முனைகளில் சில விநாடி மின்னோட்டம் தந்தால் காந்தம் மீளும். இதனை அந்தந்த ஜெனரேட்டரின் கையேட்டில் கண்டவாறே செய்தல் வேண்டும்.

இதற்கு முன்பே, எஞ்சின் நின்றிருக்கையில், சுருள்களின் காப்பினை 500 வோல்ட் மெகரினால் அளந்திருக்க வேண்டும். ரெகுலேட்டரையும் டையோடுகளையும் விலக்கிய பின்பே அளக்கலாம். இல்லையேல் அவை பழுதாகும். ஒரு மெகோமுக்குக் குறைந்தால் ஈரம் ஏறியுள்ளது எனக் கருதி, மிதமான வெப்பத்தில் உலர்த்துக.

அடுத்தது வேகம். நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றில் 50 ஹெர்ட்ஸும், 1800 சுற்றில் 60 ஹெர்ட்ஸும் தரும். அமெரிக்கப் படையில் வழங்கிய எம்.இ.பி.-002ஏ என்னும் 5 கிலோவாட் ஜெனரேட்டர் இரண்டாம் வகை. நம் நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் யந்திரத்தின் வேகத்தைக் குறைத்து ஓட்டினால், அதன் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 240 வோல்ட் 200 ஆகும். இன்றேல் இரும்பும் புலச்சுருளும் அளவுமீறிச் சூடேறும். ஆகையால் வாங்குமுன் பெயர்த்தகட்டைப் படித்தல் நலம்.

ஜெனரேட்டரை முறையாக எர்த் செய்க. கட்டடத்துடன் இணைக்கையில் இருவழிச் சுவிட்சு இன்றியமையாதது. அஃதின்றி இணைத்தால் மின்சாரம் வெளிக் கம்பிகளில் பாய்ந்து, பழுது பார்க்க ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிரைக் குடிக்கும்.

பளுவே மருந்து

இறுதிச் சோதனை பளுவுடன் ஓட்டுவது. முழுத்திறனில் கால் பங்குக்கும் குறைந்த பளுவில் நெடுநேரம் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு பெறாது. எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் தாராகப் படியும். எனவே 5 கிலோவாட் ஜெனரேட்டருக்கு ஹீட்டர்களைக் கொண்டு பளுவைப் படிப்படியாக 3½ முதல் 4 கிலோவாட் வரை ஏற்றி, நான்கு மணி நேரம் இடைவிடாது ஓட்டுக. அரை மணிக்கு ஒருமுறை வோல்ட், ஹெர்ட்ஸ், மசகெண்ணெய் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. எண்கள் நிலைத்திருப்பின் ஜெனரேட்டரை நம்பலாம். முதல் ஓட்டத்தில் வடிகட்டி அடைபடுவது இயல்பு. மாற்று வடிகட்டி இரண்டு கைவசம் இருக்கட்டும்.

அதன்பின் மாதம் ஒருமுறையேனும் பாதிக்கு மேற்பட்ட பளுவுடன் ஒரு மணி நேரம் ஓட்டி, தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். நிரம்பிய தொட்டியில் ஈரம் படிய இடமில்லை. அடியில் தங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுக.

ஆசிரியர்கள் இம்மாத ஓட்டத்தையே ஒரு பாடமாக்கலாம். மாணவர்கள் பாதுகாப்பான தொலைவில் நின்று, ஹீட்டர்களை ஒவ்வொன்றாக இணைக்கையில் ஹெர்ட்ஸ் சிறிது இறங்குவதையும், கவர்னர் எண்ணெயைக் கூட்டி அதனைத் தாங்குவதையும் கண்ணாரக் காண்பர். வெப்பம் உழைப்பாகி, உழைப்பு மின்சாரமாவதை இதனினும் தெளிவாக விளக்கும் கருவி கிடைப்பது அரிது. ஜெனரேட்டரும் ஓய்வின் கேட்டினின்று தப்பி, வேண்டிய இரவில் தவறாது கைகொடுக்கும்.