அடிமரம் இல்லாத ஆலமரம்

பஞ்சத்துக்குப் பயந்து போட்ட தோட்டம், புயலுக்குத் தப்பிய மரம். ஹௌரா தாவரவியல் பூங்காவில் குழந்தைகளுடன் ஒரு நாள்.

குளிர்காலம் வந்துவிட்டால் கொல்கத்தாக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வீடு தங்காது. குரங்குக் குல்லாய் மாட்டிய சிறுவர்கள், பை நிறைய ஆரஞ்சு, சால்வை போர்த்திய பாட்டி சகிதம் கிளம்பிவிடுவார்கள். மிருகக்காட்சி சாலை, விக்டோரியா நினைவு மண்டபம் என்று போக எத்தனையோ இடங்கள். ஆனால் ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஷிப்பூரில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு தனி வசதி உண்டு. இடம். 273 ஏக்கர். ஓடுகிற பிள்ளையை ஓடவிடலாம்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகப் போவது பெரிய ஆலமரத்துக்குத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தோப்பு. கிட்டே போனால்தான் எல்லாம் ஒரே மரம் என்று புரிகிறது. வயது 250க்கு மேல். பரப்பு மூன்றரை ஏக்கருக்கும் அதிகம். தரையில் ஊன்றி நிற்கும் விழுதுகள் மூவாயிரத்துக்கும் மேல். ஒரு காலத்தில் மரத்தைச் சுற்றி 330 மீட்டர் நீளத்துக்குச் சாலை போட்டார்கள். மரம் அதையும் தாண்டிப் படர்ந்துவிட்டது.

வேலியைச் சுற்றி நடக்கும்போது, விவரம் தெரிந்த பிள்ளை கட்டாயம் ஒரு கேள்வி கேட்கும்: “இதில் எது அம்மா மரம்?” பெரியவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுவார்கள். கிடைக்காது. காரணம், அது அங்கே இல்லை. 1864லும் 1867லும் வீசிய இரண்டு பெரும் புயல்களில் மரம் காயப்பட்டது. காயத்தின் வழியே பூஞ்சை நோய் புகுந்து, அடிமரம் உளுத்துப்போனது. மற்ற பகுதிக்கும் நோய் பரவாமல் இருக்க 1925ல் அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்போது அதன் சுற்றளவு 15 மீட்டருக்கும் மேல். அதன் பிறகும் மரம் தழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

எப்படி? ஆலமரத்தின் கிளையிலிருந்து இறங்கும் விழுது, மண்ணைத் தொட்டதும் வேராகிறது. பருத்துத் தூணாகிறது. கிளையைத் தாங்குவதோடு அதற்கு நீரையும் சத்தையும் தானே ஏற்றித் தருகிறது. ஆகவே அடிமரம் போனாலும் கிளைகள் பட்டினி கிடப்பதில்லை. “ஆல் போல் தழைத்து” என்று திருமண வீட்டில் வாழ்த்துகிறோமே, அதன் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. மெல்லிய இளம் விழுதுகளை மூங்கில் குழாய்க்குள் விட்டுப் பத்திரமாகத் தரை சேர்ப்பது தோட்ட ஊழியர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. கட்டுமானத்தில் தூண் நிறுத்துவது போல, எந்தக் கிளைக்கு எங்கே தாங்கல் வேண்டும் என்று பார்த்துச் செய்கிறார்கள்.

இந்தத் தோட்டம் பிறந்த கதையும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதுதான். 1770ல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி ராபர்ட் கிட், பஞ்ச காலத்தில் உயிர்காக்கக்கூடிய மரங்களை வளர்த்துப் பரப்ப ஒரு தோட்டம் வேண்டும் என்று 1786ல் கம்பெனிக்கு எழுதினார். அவர் மனதில் இருந்தவற்றில் முக்கியமானது சேகோ பனை. ஜவ்வரிசி நம் ஊரில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிறது. ஆனால் அசல் ஜவ்வரிசி, தென்கிழக்கு ஆசியாவின் இந்தப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவுதான். அடுத்த ஆண்டே, 1787ல், தோட்டம் உருவானது.

கம்பெனிக்கு வியாபாரக் கணக்கும் இருந்தது. வாசனைப் பொருட்கள் வேண்டும், கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். தேக்கை ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார்கள். நல்ல மரமாகத் தேறவில்லை. தோட்டத்தின் ஒரு பகுதி 1820ல் பிஷப் கல்லூரிக்குப் போனது. பின்னாளில் அங்கேதான் ஷிப்பூர் பொறியியல் கல்லூரி வளர்ந்தது. தேயிலையில் மட்டும் கணக்குப் பலித்தது. 1830களில் சீனாவிலிருந்து வந்த விதைகள் இங்கே முளைவிட்டு, கன்றுகளாக அசாமுக்கும் இமயமலைச் சரிவுகளுக்கும் தெற்கே நீலகிரிக்கும் பயணப்பட்டன.

தெற்குக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1793ல் தோட்டத்தின் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன் சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்தவர். செடிகளை அச்சு அசலாக வரைய இந்திய ஓவியர்களை அமர்த்தினார். அப்படி உருவான வண்ண ஓவியங்கள் 2,500க்கும் மேல். செடிகளுக்கெல்லாம் லத்தீன் பெயர் இருக்கிறது. அவற்றைத் தீட்டிய ஓவியர்களின் பெயர்களோ பெரும்பாலும் தெரியவில்லை.

அந்த ஓவியர்கள் செய்ததைப் பிள்ளைகளும் செய்யலாம். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டால் போதும். இலையைப் பறிக்காமல், உதிர்ந்ததை எடுத்துப் பார்த்து வரையச் சொல்லலாம். கீழே தேதி, இடம், மரத்தின் பெயர். பூங்கா வளாகத்தில் உள்ள மத்திய தேசியத் தாவரத் தொகுப்பில் சுமார் 20 லட்சம் உலர்தாவரங்களும் இப்படித்தான், எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்போடு காகிதத்தில் ஒட்டிப் பாதுகாக்கப்படுகின்றன.

வரைய விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ண ஆல் என்ற மரத்தின் இலை அடியில் மடிந்து கிண்ணம் போல இருக்கும். கண்ணன் வெண்ணெயை ஒளித்துவைத்த கிண்ணம் என்று கதை. மழைக்காலத்தில் வந்தால் குளங்களில் ராட்சத அல்லி. விளிம்பு நிமிர்ந்த அதன் இலை, பெரிய தாம்பாளம் போல மிதக்கும். பூ முதல் நாள் மாலை வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாக மாறிவிடும்.

பொறுமை என்றால் என்ன என்பதற்கு இரட்டைத் தேங்காய் மரத்தின் கதையைச் சொல்லலாம். செஷல்ஸ் தீவுகளைச் சேர்ந்த பனை இனம். உலகிலேயே மிகப்பெரிய விதை இதனுடையதுதான். 1894ல் இங்கே நட்ட ஒரு மரம் பூக்கும் பருவத்துக்கு வரவே சுமார் நூறு ஆண்டாயிற்று. அது பெண் மரம். பக்கத்தில் ஆண் மரம் கிடையாது. விஞ்ஞானிகள் வெளிநாட்டிலிருந்து மகரந்தம் வரவழைத்துச் செயற்கை முறையில் சேர்த்து, பல முறை தோற்று, கடைசியில் காய் பிடிக்கச் செய்தார்கள்.

இவ்வளவும் ஒரே இரவில் போகக்கூடியதுதான். 2020 மே 20 அன்று அம்பன் புயல் கரையைக் கடந்தபோது பூங்காவில் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெரிய ஆலமரத்தின் ஒரு பகுதியும் சேதமடைந்தது. பூங்காவை 1963லிருந்து நிர்வகிக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் சின்னமே இந்த மரம்தான். பல தலைமுறைகள் சேர்த்த அரிய மரம் ஒன்று விழுந்தால், கடையில் வாங்கி மாற்ற முடியாது.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1860களின் புயல்கள் தோட்டத்தைக் குலைத்த பிறகு, 1871ல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங் அதைப் புதிதாகத் திட்டமிட்டார். குளங்கள் வெட்டி, மேடுபள்ளம் அமைத்து, மரங்களை நட்டார். இன்று குடும்பங்கள் நடந்து திரியும் தோட்டத்தின் அமைப்பு அவர் காலத்தில் வந்ததுதான். 2009ல் ஜகதீஷ் சந்திர போஸின் பெயர் சூட்டப்பட்ட பூங்காவில், அம்பனுக்குப் பின் நடும் கன்றுகளும் நிழல் தர ஒரு தலைமுறையாவது ஆகும். அதுவரை வருகிறவர்கள் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். வேலிக்கு வெளியே நிற்பது, பட்டையில் பெயர் செதுக்காமல் இருப்பது, ஆரஞ்சுத் தோலையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்துப் போவது. பெரியவர்கள் செய்தால் பிள்ளைகள் தாமாகச் செய்வார்கள்.